கணப்பு அடுப்பு மூட்டுவது எப்படி? கேள்விப்பட்டதை மறந்துவிட்டுத் தொடங்குங்கள்

விறகில் எரியும் கணப்பு அடுப்பு வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. "காற்றை அடைத்து வை, ராத்திரி முழுக்க நின்று எரியும்." "பைன் விறகைத் தொடாதே, புகைபோக்கி பற்றிக்கொள்ளும்." "வாரம் ஒரு தரம் கொழுந்துவிட்டு எரியவிடு, புகைபோக்கி தானே சுத்தமாகிவிடும்." நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் கேட்டேன். இரண்டே மாதத்தில், உள்ளே தீ எரிகிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குக் கண்ணாடி கறுத்துப்போனது. புகைபோக்கி சுத்தம் செய்ய வந்தவர் பிரஷ்ஷை விட்டு இழுத்தார். கீழே விரித்த துணியில் கரித்தூளோடு தார் மாதிரி பளபளக்கும் கறுப்புச் சில்லுகளும் கொட்டின. அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "விறகு எப்போ பிளந்தது?"

அங்கிருந்தே தொடங்கலாம். கதவும் கண்ணாடியும் உள்ள இரும்பு அடுப்பை முதல்முறையாகப் பற்றவைப்பவருக்கான செய்முறை இது. அடுப்பையும் குழாயையும் பொருத்துவது தெரிந்தவர் செய்யவேண்டிய வேலை. அதில் கைவைக்காதீர்கள்.

படி 1: விறகின் ஈரத்தைப் பாருங்கள்

அப்போது வெட்டிய மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீர் இருக்கும். எரிக்கத் தகுந்த விறகில் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. "கொஞ்சம் ஈரமா இருந்தா என்ன, தீ நன்றாகப் பிடித்துவிட்டால் எரிந்துவிடும்" என்பார்கள். எரியும்தான். ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

10 கிலோ பச்சை விறகில் 5 கிலோ மரம், 5 கிலோ தண்ணீர். முழுக்க உலர்ந்த மரம் கிலோவுக்குச் சுமார் 5 கிலோவாட் மணி வெப்பம் தரும். ஆக மொத்தம் 25. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 0.7 கிலோவாட் மணி பிடிக்கும் என்பதால், 5 கிலோவுக்கு 3.5. ஏழில் ஒரு பங்கு போய்விட்டது. இதோடு முடிந்தால் பரவாயில்லை என்றே விட்டிருப்பேன். பெரிய நட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. சூடு ஏறும்போது மரம் முதலில் வாயுவாகப் பிரிகிறது. விறகின் வெப்பத்தில் பாதிக்கும் மேல் அந்த வாயுவில்தான் இருக்கிறது. அது முழுதாக எரிய 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். நீராவி அடுப்பைக் குளிர வைத்துக்கொண்டே இருந்தால் அந்தச் சூடு வராது. எரியாத வாயு புகையாக மேலே போகும். புகைபோக்கியில் தெரியும் புகை, நீங்கள் தூக்கி வந்து அடுக்கிய விறகுதான்.

ஈரத்தை அளக்க இரண்டு ஊசி வைத்த சின்ன மாய்ஸ்சர் மீட்டர் கிடைக்கிறது. பெரும்பாலோர் அதைக் கட்டையின் வெளிப்பக்கத்திலோ வெட்டுமுனையிலோ குத்திவிட்டு 14 என்று காட்டியதும் மகிழ்ந்துபோகிறார்கள். வெளிப்பக்கம் எப்போதும் காய்ந்துதான் இருக்கும். கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உள்முகத்தின் நடுவில், மரநார் ஓடும் போக்கில் குத்திப் பார்க்கவேண்டும்.

மீட்டர் இல்லையா? நான் செய்வது இது. அடுக்கும் நாளிலேயே ஒரு கட்டையை எடைபோட்டு, எடையையும் தேதியையும் சாக்பீஸால் அதன் மேலேயே எழுதிவிடுவேன். மாதம் ஒரு முறை அதே கட்டையை மறுபடி தராசில் வைப்பேன். பாதி தண்ணீரோடு 4 கிலோ இருந்த கட்டை, 20 சதவீத ஈரத்துக்கு வரும்போது 2.5 கிலோதான் இருக்கும். கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் பச்சைக் கட்டை 'தொப்' என்னும். காய்ந்தது 'டங்' என்று கணீரென்று ஒலிக்கும்.

காய வைப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. விறகடுக்கைத் தார்ப்பாயால் தலை முதல் கால்வரை போர்த்திவிடுகிறார்கள். உள்ளே புழுங்கிப் பூசணம் பிடிப்பதுதான் மிச்சம். தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். பிளக்காத உருளைக் கட்டை லேசில் காயாது. மரப்பட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மென்மரத்துக்கு ஆறு மாதமாவது வேண்டும். ஓக் போன்ற கெட்டி மரமென்றால் இரண்டு வருடம்கூட ஆகும்.

பைன் விவகாரத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். புகைபோக்கியில் தார் படிவதற்குப் பைனிலுள்ள பிசின் காரணமில்லை, ஈரமும் மந்தமான தீயும்தான் காரணம். எடைக்கு எடை பார்த்தால் பைனும் ஓக்கும் கிட்டத்தட்ட ஒரே வெப்பம்தான் தருகின்றன. பைன் லேசான மரம் என்பதால் சீக்கிரம் தீரும், அடிக்கடி எழுந்து போடவேண்டும். அவ்வளவுதான்.

பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக், கடலில் மிதந்து வந்த உப்பேறிய கட்டை: எதுவும் வேண்டாம். பழைய மருந்தேற்றிய மரத்தில் ஆர்சனிக் இருக்கலாம். தீ அதை அழிக்காது. புகையிலும் சாம்பலிலும் அப்படியே இருக்கும்.

படி 2: மேலிருந்து பற்றவையுங்கள்

கீழே காகிதம், அதன்மேல் சுள்ளி, அதற்கும் மேல் கட்டை என்றுதான் நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம். இதைத் தலைகீழாக்குங்கள்.

இரண்டு மூன்று பிளந்த கட்டைகளை விரல்கடை இடைவெளி விட்டு அடியில் வையுங்கள். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கனம் போதும். அதன்மேல் அதில் பாதி கனமுள்ளவை. அதற்கும் மேல், கட்டைவிரல் கனத்தில் சிராய்களைக் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து வரிசை. உச்சியில் மெழுகில் தோய்த்த மரச்சுருளோ ஒரு கை சீவல்களோ. காற்றுத் திறப்புகளை முழுக்கத் திறந்துவிட்டு உச்சியில் பற்றவையுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போகவேண்டாம்.

முதல் தடவை பார்க்கும்போது நம்பிக்கை வராது. நானும் குந்தி உட்கார்ந்து "இது எங்கே கீழே இறங்கப்போகிறது" என்று முணுமுணுத்தவன்தான். பத்து நிமிடத்தில் சுள்ளி தணலாகி உதிர்ந்து அடுத்த வரிசையைப் பிடித்துக்கொண்டது. கீழிருந்து எழும் வாயு, மேலே ஏற்கெனவே எரியும் தீயைத் தாண்டித்தான் போகவேண்டும் என்பதால் எரிந்துவிடுகிறது. புகைபோக்கியும் உடனே சூடாகி இழுக்கத் தொடங்குகிறது.

கதவைத் திறந்ததும் புகை அறைக்குள் வந்தால் அடுப்பில் கோளாறு என்று நினைக்காதீர்கள். குழாயில் குளிர்ந்த காற்று கனத்து நிற்கிறது, அல்லது சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் வீட்டுக் காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, ஒரு காகிதத்தை முறுக்கிக் குழாய்வாய்க்கு அருகே எரித்துப் பாருங்கள்.

படி 3: காற்றைக் குறையுங்கள், அடைக்காதீர்கள்

என் கண்ணாடியைக் கறுக்க வைத்தது இந்த இடம்தான்.

பெரும்பாலான அடுப்புகளில் இரண்டு காற்று வழிகள் உண்டு. ஒன்று அடியிலிருந்து வருவது. பற்றவைக்க மட்டும் அது தேவை. மற்றது மேலிருந்து கண்ணாடியை ஒட்டி இறங்கி வாயுக்களை எரிக்க உதவுவது. தீ நன்றாகப் பிடித்ததும் அடிக்காற்றை மெல்ல மூடுங்கள். மேல்காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். மஞ்சள் தழல் துடிப்போடு ஆடிக்கொண்டே இருக்கவேண்டும். தழல் சோம்பி, ஆரஞ்சாகி, நுனியில் கருப்பு தட்டினால் அளவு மீறிவிட்டீர்கள், திறந்துவிடுங்கள். சில அடுப்புகளில் ஒரே நெம்புகோல்தான் இருக்கும். அதற்கும் இதே அடையாளங்கள்தான்.

கண்ணை நம்பாதவர்களுக்கு, அடுப்புக்கு மேலே ஒற்றைச் சுவர்க் குழாயில் ஒட்டும் காந்தத் தெர்மாமீட்டர் இருக்கிறது. சுமார் 120 முதல் 240 டிகிரி செல்சியஸுக்குள் முள் நின்றால் சரி. அதற்குக் கீழே போனால் புகையிலுள்ள தார் குழாய்ச் சுவரில் படியத் தொடங்கும். இந்தப் படிவுக்குப் பெயர்தான் கிரியோசோட். அது ஒரு நாள் தீப்பிடித்தால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டும். "கொழுந்துவிட்டு எரித்தால் சுத்தமாகும்" என்ற அறிவுரையின் லட்சணம் இது: படிந்த தாருக்கு நாமே கொள்ளி வைப்பது. வருடம் ஒரு முறையாவது பிரஷ் போட்டே ஆகவேண்டும்.

அப்படியானால் ராத்திரிக்கு? அடுப்பு நிறையக் கட்டையைத் திணித்துக் காற்றை அடைப்பது வேண்டாம். படுப்பதற்கு முன் ஒரு நல்ல தீ மூட்டி, அது தானாக அடங்கட்டும். விடியும்வரை கதகதப்பு வேண்டும் என்பவர்களுக்கு ஏற்றது செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டிய கனமான அடுப்பு. அதில் ஒரு முறை பலமாக எரித்தால் கட்டுமானமே சூட்டை வாங்கிவைத்துப் பல மணி நேரம் விடும். மெல்லிய இரும்பு அடுப்பிடம் அந்த வேலையை எதிர்பார்க்கக்கூடாது.

பெரிய அடுப்பு வாங்கினால் நல்லது என்ற எண்ணமும் இதே குழியில்தான் கொண்டுபோய் விடும். அறை கொதிக்கும், காற்றை அடைப்பீர்கள், தார் படியும்.

படி 4: தணலாக இருக்கும்போது அடுத்த கட்டை

தழல் அடங்கித் தணல் செக்கச்செவேலென்று இருக்கும்போது காற்றைத் திறந்து, கதவை மெதுவாகத் திறந்து, ஒன்றிரண்டு கட்டை போடுங்கள். ஓரிரு நிமிடத்தில் பற்றிக்கொள்ளவேண்டும். பிறகு பழையபடி குறைக்கலாம்.

படி 5: அலாரம் மாட்டுங்கள்

"புகை வந்தால் மூக்குக்குத் தெரியாதா?" தெரியும். கார்பன் மோனாக்சைடு தெரியாது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தழல் இல்லாமல் தணல் மட்டும் கனன்றுகொண்டிருக்கும் நேரத்தில் அது அதிகம் உண்டாகும். நாம் தூங்கப் போவதும் அந்த நேரத்தில்தான். தணல் உயிரோடு இருக்கும்போது புகைபோக்கித் தடுப்பை மூடவே கூடாது. அடுப்பு உள்ள அறையில் ஒன்று, படுக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒன்று என கார்பன் மோனாக்சைடு அலாரம் வையுங்கள். எரியக்கூடிய எதுவும் அடுப்பிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்கவேண்டாம்.

படி 6: சாம்பலை முழுக்க அள்ளாதீர்கள்

விறகு, சாம்பல் மெத்தையில் நன்றாக எரியும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் அப்படியே இருக்கட்டும். அள்ளும் சாம்பலை இறுக்கமான மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே, கல்தரையில் வையுங்கள். ஆறிவிட்டதென்று நினைத்த சாம்பலுக்குள் கங்கு சில நாட்கள்கூட உயிரோடு கிடக்கும். அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் வாளி, வீட்டு வேக்குவம் கிளீனர் எதுவும் சாம்பலைத் தொடக்கூடாது.

அந்தச் சாம்பலிலேயே ஒரு உபயோகம் இருக்கிறது. செய்தித்தாளை நனைத்துக் கசக்கி, மென்மையான சாம்பலில் தொட்டு, ஆறிய கண்ணாடியில் தேயுங்கள். லேசான பழுப்பு என்றால் இரண்டு தேய்ப்பில் போய்விடும். மறுநாளே திரும்பவும் கறுத்தால், ஒரு கட்டையைப் பிளந்து மீட்டரைக் குத்திப் பாருங்கள்.