லயத்து வாசலில் ஒரு மழைமானி: மண்சரிவுக்கு முன்பே வெளியேறுவது எப்படி

பனிமலைகளில் சறுக்கப் போகிறவர்கள் புதைந்தால் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி ஒன்றை ஜாக்கெட்டுக்கு உள்ளே உடம்போடு வாரால் கட்டிக்கொள்கிறார்கள். முதுகுப் பையில் மண்வெட்டியும், பனிக்குள் குத்தித் தேடும் மடக்குக் கம்பியும் இருக்கும். பனிச்சரிவில் புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் உயிர் பிழைக்கிறார். அதனால் அந்தக் கருவிகளுக்கு அங்கே வேலை இருக்கிறது. நம் இலங்கை மலையகத்தில் இறங்கி வருவது சேறும் பாறையும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) அப்படித்தான் மண்ணுக்குள் போயின. சேற்றில் புதைந்த பிறகு தேடிக் கண்டுபிடிக்கும் கருவியை நம்பியிருக்க முடியாது. புதைவதற்கு முன்பே நம்மை வெளியே கொண்டுவருகிற சாமான்கள்தான் மலையகத்துக்குத் தேவை. அவற்றில் முதலாவது மழைமானி. அதை ஒரு போத்தலில் அரை மணி நேரத்தில் செய்யலாம்.

தேவையானவை

1.5 லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்று (இடுப்பு ஒடுங்காத, நேரான போத்தல் நல்லது), ஒரு கைப்பிடி கூழாங்கல், அடிமட்டம், அழியாத மார்க்கர் பேனா, டேப், கட்டுக்கம்பி, இடுப்பளவு உயரமுள்ள ஒரு கம்பு, மி.லீ. கோடு போட்ட குழந்தைப் பால்போத்தல்.

மழைமானி செய்தல்

1. போத்தலின் தோள் முடிந்து நேரான பகுதி தொடங்கும் இடத்துக்கு ஒரு விரல் கீழே சுற்றி வெட்டுங்கள். வளைந்த இடத்தில் வெட்டினால் வாயின் அகலம் மாறிக் கணக்குப் பிழைக்கும்.

2. அடியில் கூழாங்கல்லைப் போட்டு, அடிப்பக்க வளைவுகள் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்த மட்டத்தில் கோடு கீறி 0 என்று எழுதுங்கள்.

3. வெட்டிய வாயின் குறுக்களவை அளந்துகொள்ளுங்கள். அது 9 செ.மீ. என்றால் பாதி 4.5. 4.5 × 4.5 × 3.14 = ஏறக்குறைய 64. வாய்க்கு மேலே 10 மி.மீ. மழை பெய்தால் போத்தலுக்குள் 64 மி.லீ. சேரும் என்று அர்த்தம். உங்கள் போத்தலின் அளவு வேறாக இருந்தால் இதே கணக்கைப் போடுங்கள்.

4. பால்போத்தலால் 64 மி.லீ. அளந்து ஊற்றி, நீர் மட்டத்தில் 10 என்று எழுதுங்கள். மறுபடி 64 ஊற்றி 20. இப்படியே 80 வரை போங்கள். அடிமட்டத்தை மட்டும் வைத்துக் கோடு போடுவது சுலபம்தான், ஆனால் போத்தலில் மடிப்புகள் இருந்தால் பிழை வரும். ஊற்றி அளப்பதில் அந்தத் தொல்லை இல்லை.

5. தண்ணீரை 0 கோடு வரை குறையுங்கள். வெட்டிய மேல்பாதியை மூடி இல்லாமல் தலைகீழாகச் செருகி, விளிம்போடு விளிம்பு பொருந்த டேப் ஒட்டுங்கள். இந்தப் புனல் இருந்தால் துளி வெளியே தெறிக்காது, வெயிலில் ஆவியாவதும் குறையும்.

எங்கே வைப்பது

அதிகம் பேர் பிழை விடுவது இங்கேதான். தகரத்து ஓரத்தில் கட்டினால் கூரைத்தண்ணீர் விழும், மரத்தடியில் வைத்தால் மழையே விழாது. கூரையோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். லயத்தைச் சுற்றி அவ்வளவு வெளி கிடைப்பது கஷ்டம். மரக்கறிப் பாத்தியின் நடுவோ கோயில் முற்றமோ, காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களமோ பாருங்கள். ஒரு லயத்துக்கு ஒன்று போதும். கம்பின் நுனியைவிடப் போத்தல் வாய் சற்று மேலே நிற்கும்படி நேராகக் கட்டுங்கள். சாய்ந்த போத்தல் குறைவாகக் காட்டும்.

வாசிப்பதும் கணக்கும்

தினமும் காலை 8.30க்கு வாசித்துக் கொப்பியில் எழுதி, 0 கோட்டுக்கு மேலுள்ள தண்ணீரை வெளியே ஊற்றிவிடுங்கள். வளிமண்டலவியல் திணைக்களமும் அந்த நேரத்தைத்தான் வைத்திருக்கிறது. மழை இல்லாத நாட்களில் தண்ணீரை மாற்றாமல் விட்டால் டெங்கு நுளம்பு முட்டையிடும், கவனம். அடைமழையில் மணிக்கொரு தடவை பாருங்கள். நீர் புனலின் கழுத்தைத் தொட்டால் கணக்கு கெட்டுவிடும். ஆகையால் 80க்கு வருமுன் எழுதிவிட்டு ஊற்றுங்கள்.

எந்த நேரத்திலும் பார்க்க வேண்டியது கடந்த 24 மணி நேரத்தின் கூட்டுத்தொகை. நேற்று மாலை 6 மணியிலிருந்து காலை 8.30 வரை 60, அதன்பின் பகல் 12 வரை 50 என்றால் உங்கள் மலையில் விழுந்தது 110. காலையில் ஊற்றிவிட்டோம் என்பதற்காக 50 என்று எண்ணுவது ஆபத்தான பிழை. மலை தனக்குள் இறங்கிய தண்ணீரை 8.30க்கு ஊற்றிவிடுவதில்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் மட்டங்கள் இவை: 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் மஞ்சள், விழிப்பு. 100 தாண்டினால் செம்மஞ்சள், வெளியேறத் தயார் நிலை. 150 தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால் சிவப்பு, உடனே வெளியேறல். அறிவிப்பு பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்கும் வரும். ஒரே பிரிவில் மேட்டு லயத்தில் கொட்டி, பணிய லயத்தில் தூறுவது மலையகத்தில் வழக்கம். உங்கள் போத்தல் சொல்வது உங்கள் சரிவுக்கு. எது முந்துகிறதோ அதை எடுங்கள். போத்தல் குறைவாகக் காட்டுகிறது என்று சிவப்பு அறிவிப்பை ஒருபோதும் தள்ளாதீர்கள்.

எங்கள் உறுதியான கருத்து: மாலை 6 மணிக்குக் கூட்டுத்தொகை 100ஐத் தொட்டு, மழையும் விடவில்லை என்றால் 150 வரும்வரை காத்திருக்க வேண்டாம். இருட்டில், வழுக்கும் படிக்கட்டில், கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் இறங்குவது வேறொரு ஆபத்து. வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள்.

மழை குறைவாக இருந்தாலும் கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, முன்பு நன்றாகப் பூட்டிய கதவு இறுகுவது, மரமோ மின்கம்பமோ சாய்வது, ஊற்று திடீரெனக் கலங்குவது, இல்லாத இடத்தில் நீர் கசிவது. மழை கொட்டும்போது ஓடையில் தண்ணீர் குறைந்தால் மேலே எங்கோ மண் அடைத்திருக்கலாம், ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். பழைய வெடிப்பு இருந்தால் அதன் இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, இடைவெளியை மழைமானியை வாசிக்கும்போதே அளந்து எழுதுங்கள். கூடுகிறது என்றால் கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள், அல்லது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

உடம்பில் எது, பையில் எது

மஞ்சள் வந்ததும் விசிலைக் கழுத்திலும் நெற்றி டார்ச்சைத் தலையிலும் மாட்டி, சப்பாத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். அடையாள அட்டையும் போனும் பொலித்தீன் உறையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் இருக்கட்டும். கதவருகே தொங்கும் பையை எடுக்க ஒருவர் காம்பராவுக்குள் (லய அறைக்குள்) திரும்பி ஓடுவதுதான் மிகவும் பயங்கரமானது. பையில் ஒரு வாரத்து மருந்து, ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், பால்மா, பிஸ்கட், ஒரு மாற்றுடுப்பு, பிறப்புச் சான்றிதழ்களும் சேமலாப நிதிப் பத்திரங்களும். ஒரு கையால் தூக்க முடியாத பை மிகக் கனம், குறைத்துவிடுங்கள்.

போகும் வழி

மழை இல்லாத பகலில் குடும்பத்தோடு ஒரு தடவை நடந்து பாருங்கள். ஓடையையும் பெரிய கானையும் பிடித்துக் கீழே இறங்காதீர்கள், சேறும் அந்த வழியாகத்தான் வரும். பக்கவாட்டில் நடந்து முகட்டுப் பக்கம் போங்கள். பாடசாலையோ கோயிலோ தங்குமிடம் என்று முடிவு செய்வதற்கு முன், அதற்கு மேலே செங்குத்துச் சரிவு இருக்கிறதா என்று பாருங்கள். தொங்கல் வீட்டில் தனியாக இருக்கும் பெரியவரை யார் அழைத்துவருவது என்பதையும் அன்றே பேசி வையுங்கள்.

மழை விட்டதும் திரும்பிவிட வேண்டாம். மண்ணுக்குள் இறங்கிய நீர் வடிய நேரம் எடுக்கும், வானம் வெளுத்த பிறகும் சரிவு இறங்கலாம். அதிகாரிகள் இடத்தைப் பார்த்து அனுமதி சொன்ன பிறகு, பகலில் போய், முதலில் முளைகளின் இடைவெளியை அளந்து பாருங்கள்.