முட்டி தேயுமா என்று நீங்களே கணக்குப் பார்ப்பது எப்படி

நான் டைல்ஸ் போடுகிறவன். 24 வருஷமாக மண்டி போட்டே சம்பாதிக்கிறேன். போன வருஷம் ஒரு வேலை முடிந்து மாடிப்படி இறங்கும்போது கை தானாகச் சுவரைப் பிடித்தது. ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போதுதான் வலி. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் மூட்டுத் தேய்மானம் என்றார். “எனக்கு 46தானே சார்?” என்றேன். உலகம் முழுக்க 2019-இல் 52.8 கோடிப் பேருக்கு இது இருந்ததாம். 100-இல் 73 பேர் 55 வயதைத் தாண்டியவர்கள். மிச்சமுள்ள 27-இல் நானும் ஒருத்தன்.

அப்புறம் அவர் கேட்ட கேள்விகளை நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

பெற்றவர்களுக்கு முட்டி எப்படி? என் அம்மா தரையில் உட்கார்ந்து பத்து வருஷமாகிறது. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம், அதுவும் மாதவிலக்கு நின்ற பிறகு.

பழைய அடி ஏதாவது? கபடியிலோ பைக்கிலோ விழுந்து ஜவ்வு கிழிந்திருந்தால், பலருக்குப் பத்து, இருபது வருஷம் கழித்து அந்த முட்டியே தேய ஆரம்பிக்கும்.

என்ன வேலை? ஒரு நாள் எண்ணினேன். மதியச் சாப்பாட்டுக்குள் 140 தடவை உட்கார்ந்து எழுந்திருக்கிறேன்.

எடை எவ்வளவு? இதுதான் என்னை உலுக்கியது. ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் விழும் பாரம் சுமார் நாலு கிலோ குறையுமாம். ஐந்து கிலோ குறைத்தால் 20 கிலோ. அது ஒரு டைல் பசை மூட்டை! அன்றைக்கு எனக்கு 84 கிலோ. இப்போது 79.

சரி, இனி முட்டியைப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கையை முட்டிச் சில்லின் மேல் வைத்து, காலை மெல்ல நீட்டி மடக்குங்கள். நறநறவென்று மணல் அரைபடுகிற மாதிரி இருக்கிறதா? வலியில்லாத வெறும் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். வலியும் சேர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். காலையில் முட்டி இறுகிக் கிடந்து அரை மணிக்குள் இளகினால் பெரும்பாலும் தேய்மானம்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்து, விரல் மூட்டுகளும் வீங்கினால் முடக்குவாதமாக இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு. முட்டி சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஓடுங்கள்.

நடக்காமல் உட்கார்ந்துவிடாதீர்கள். தொடைச் சதை வலுவாக இருந்தால்தான் முட்டிக்குத் துணை. தினமும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணி இறக்குகிறேன்.

என்னோடு வேலை செய்யும் பையன்களுக்கு முட்டி உறை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். 19 வயசுப் பையன் ஒருத்தன், நான் வருகிற சத்தம் கேட்டால் மட்டும் மாட்டிக்கொள்கிறான்.