தேனீ வளர்ப்பவர் தேனீ ஓவியத்தைப் பார்ப்பது எப்படி

தேனீ வரைந்த படமோ சிற்பமோ கண்ணில் பட்டால் நாம் முதலில் செய்வது கால்களை எண்ணுவது. அப்புறம் இறக்கை. இரண்டே இறக்கை இருந்தால் "இது வெறும் ஈ" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவோம். பல வருடம் நானும் அப்படித்தான் பார்த்தேன். அந்தப் பழக்கத்தை விடச் சொல்லவில்லை. தேனீப் பெட்டி திறந்து, தேனடை தொங்கும் மரச் சட்டம் தூக்கிப் பழகிய கண் நம்மிடம் இருக்கிறது, அதை வைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது, ஏனென்றால் படத்தில் தப்பு கண்டுபிடித்த இடத்தில்தான் பெரும்பாலும் சுவாரசியமான கேள்வி தொடங்குகிறது: இதை வரைந்தவர் எங்கே நின்று தேனீயைப் பார்த்தார்?

சரி, முதலில் சோதனை. இறக்கை நான்கு. உணர்கொம்பு நடுவில் முழங்கை மாதிரி மடிந்திருக்கும். பின்னங்காலில் மகரந்தக் கூடை இருந்தால் அது வேலைக்கார ஈ, ராணிக்கும் ஆண் ஈக்கும் அது கிடையாது. ஆண் ஈயின் கண்கள் பெரிதாகி உச்சந்தலையில் ஒன்றையொன்று தொடும். அடையைப் பாருங்கள். அது மேலிருந்து கீழே தொங்க வேண்டும், இரண்டு பக்கமும் அறை இருக்க வேண்டும், அறைகளின் வாய் லேசாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். தேன் மேலே, புழு கீழே. புது அடை வெள்ளையாக இருக்கும், புழு வளர்ந்து வளர்ந்து பழசான அடை கறுத்துப் போயிருக்கும். அறுகோணத்தைத் தரைக்கு ஓடு பதித்த மாதிரி வரைந்திருந்தால், வரைந்தவர் அடையைக் கையில் பிடித்ததில்லை என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இந்தச் சோதனையில் ரோம் நகரத்துத் தேனீக்கள் பல தோற்றுப்போகும். 1623 முதல் 1644 வரை போப்பாக இருந்த எட்டாம் உர்பான் பார்பெரினி குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்தக் குடும்பச் சின்னத்தில் மூன்று தேனீக்கள். (அதற்கும் முன்பு அந்தச் சின்னத்தில் இருந்தது குதிரையைக் கடிக்கும் ஈ. குடும்பம் வளர்ந்தபோது ஈ தேனீயாகிவிட்டது.) புனித பேதுரு பேராலயத்தில் சிற்பி பெர்னினி செய்த வெண்கல விதானத்திலும், 1644-இல் அவரே செய்த தேனீ நீரூற்றிலும் இந்தத் தேனீக்கள் மேலிருந்து பார்த்த மாதிரி, இறக்கையை விரித்துத் தட்டையாக உட்கார்ந்திருக்கும். உயிருள்ள தேனீ அப்படி உட்காராது. ஆனால் அது முத்திரை, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் ஒரே நொடியில் "இது போப்பின் பணம்" என்று தெரிய வேண்டும், அந்த வேலையை அது சரியாகச் செய்கிறது.

இப்போது இதற்குப் பக்கத்தில் இன்னொரு படத்தை வையுங்கள். 1625-இல் பிரான்செஸ்கோ ஸ்டெல்லூட்டி என்ற இத்தாலிய அறிஞர் அதே போப்புக்குச் சமர்ப்பித்த அச்சுத் தாள். அதே மூன்று தேனீ, கிட்டத்தட்ட அதே சின்னத்தின் அமைப்பு, ஆனால் நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தது. கண்ணின் மேல் முடி இருக்கிறது! தேனீயின் கூட்டுக்கண்ணில் முடி உண்டு என்பது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த நம் ஆட்களுக்குத் தெரியும், அதை அந்த மனிதர் நானூறு வருடத்துக்கு முன்பு கண்டு வரைந்திருக்கிறார். நாக்கு தனியாக, கொடுக்கு தனியாக, கால்கள் தனியாக. ஒரே ஊர், ஒரே காலம், ஒரே போப், இரண்டு விதமான பார்வை. இணையத்தில் இரண்டு படத்தையும் எடுத்து அருகருகே வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள், வேறு பயிற்சியே வேண்டாம்.

அடுத்தது, புகையைத் தேடுங்கள். கூட்டைத் திறக்கும்போது ஈக்களை அடக்க நாம் போடும் புகை அது. தேனீயை நேரில் கண்டவர் வரைந்தாரா என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல அடையாளம் இல்லை. எகிப்தில் லக்சோருக்கு எதிர்க்கரையில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறை இருக்கிறது, ஏறக்குறைய கி.மு. 1450. சுவரில் படுக்கை வசத்தில் அடுக்கிய உருளைக் கூடுகள். ஒருவர் மண்டியிட்டு அடைகளை எடுக்கிறார், இன்னொருவர் புகையும் கிண்ணத்தைக் கையில் ஏந்தி நிற்கிறார். எடுத்த அடைகள் வட்டமாக இருப்பதைக் கவனியுங்கள். உருளைக்குள் கட்டிய அடை வட்டமாகத்தானே இருக்கும்! கூடும் அடையும் பொருந்துகின்றன, வரைந்தவர் அங்கே நின்றிருக்கிறார்.

இதைவிட ஆயிரம் வருடம் பழையது அபு குராபில் நியுசெர்ரே மன்னரின் சூரியக் கோயிலில் இருந்த புடைப்புச் சிற்பம், இப்போது பெர்லினில் இருக்கிறது. சிதைந்துபோன அந்தக் காட்சியில் ஒருவர் கூட்டின் முன் மண்டியிட்டிருக்கிறார், அவர் தலைக்கு மேல் "ஊதுதல்" என்ற பொருளில் எழுத்து. புகை ஊதுகிறார் என்பது ஒரு விளக்கம். கூட்டுக்குள் புது ராணி இருக்கிறதா என்று அறிய ஒலி எழுப்பிப் பதில் கேட்கிறார் என்பது இன்னொன்று. கூட்டம் பிரியும் நாட்களில் சாயங்காலம் பெட்டியில் காது வைத்து ராணி "பீ... பீ" என்று கத்துவதைக் கேட்டவர்கள் இந்த இரண்டாவது விளக்கத்தை அவ்வளவு சுலபமாக ஒதுக்க மாட்டார்கள். இந்த மாதிரி இடத்தில் நம் அனுபவத்துக்கும் ஒரு வாக்கு உண்டு.

கிரீட் தீவின் மாலியாவில் கிடைத்த தங்கப் பதக்கத்தைப் பற்றியும் இதே மாதிரி வாதம் இருக்கிறது. இரண்டு பூச்சிகள் எதிரெதிரே வளைந்து நின்று ஒரு துளியைப் பிடித்திருக்கும், இடுப்பைப் பார்த்துக் குளவி என்று சொல்பவர்களும் உண்டு. ஹெராக்லியோன் அருங்காட்சியகத்தின் படத்தைப் பெரிதாக்கி நீங்களே முடிவு செய்யுங்கள். தேனீதான் என்று சொல்ல எனக்கு அந்தத் துளி போதும்.

சில படங்களில் தேனீயை விட்டுவிட்டு மனிதரைப் பார்க்க வேண்டும். ஓவியர் பீட்டர் புரூகல் 1568 வாக்கில் பேனாவால் வரைந்த தேனீ வளர்ப்பவர்கள் படம் அப்படிப்பட்டது. மூன்று பேர், கனத்த அங்கி, முகத்தை முழுக்க மறைக்கும் பின்னல் தட்டு, கையில் வைக்கோல் கூடு. ஒரு முகம்கூடத் தெரியாது. பின்னால் ஒரு பையன் மரத்தில் ஏறியிருக்கிறான். இந்தப் படத்துக்குக் கலை அறிஞர்கள் பல அர்த்தம் சொல்கிறார்கள், படத்தின் மூலையில் கூடு தெரிந்தவனையும் கூட்டை எடுத்தவனையும் பற்றிய பழமொழி ஒன்றும் எழுதியிருக்கிறது. நான் பார்ப்பது அவர்களுடைய நடையை. முகமூடிக்குள் பக்கவாட்டுப் பார்வை இல்லாமல், கையில் உயிருள்ள கூட்டோடு, தட்டிவிடாமல் நகரும் உடம்பு. அந்தக் கனம் நம் தோளுக்குத் தெரியும்.

இப்போது நான் அதிகம் நேசிக்கும் கலைக்கு வருகிறேன். ஸ்லோவேனியாவின் தேன்பெட்டி முகப்புப் பலகைகள். அங்கே பழைய பெட்டி நீளமாக, தாழ்வாக இருக்கும். அதை ஒரு கொட்டகைக்குள் மேசை இழுப்பறைகள் மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைப்பார்கள். வெளியே தெரிவது முகப்புப் பலகை மட்டும்: ஒரு அடி அகலம், அரை அடிக்கும் குறைந்த உயரம். அந்தச் சின்னப் பலகையில் ஆளிவிதை எண்ணெய் வண்ணத்தில் படம் வரைந்தார்கள். இப்போது இருப்பவற்றில் பழமையானதில் 1758 என்று ஆண்டு இருக்கிறது, படம் மாதா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது உச்சத்துக்குப் போனது, அறுநூறுக்கும் மேற்பட்ட விதமான காட்சிகளை எண்ணியிருக்கிறார்கள். புனிதர்கள் இருக்கிறார்கள், நெருப்பிலிருந்து காக்கும் புளோரியன் இருக்கிறார். வேட்டைக்காரனின் சவ ஊர்வலத்தை விலங்குகள் நடத்திப் போகின்றன. நரி வேட்டைக்காரனுக்குச் சவரம் செய்கிறது. ராடோவ்லிட்சா ஊரில் 1959 முதல் தேனீ வளர்ப்பு அருங்காட்சியகம் ஒன்று இவற்றை வைத்திருக்கிறது.

ஏன் வரைந்தார்கள்? பக்தி, கிண்டல், அழகு எல்லாம் உண்டு. ஆனால் நாம் பார்க்கும்போது இன்னொன்றும் தெரியும். ஒரே மாதிரி நாற்பது வாசல் பக்கம் பக்கமாக இருந்தால் ஈக்கள் வீடு மாறும். அதைவிட மோசம், இணை சேரப் போன புது ராணி திரும்பி வந்து அடுத்த பெட்டிக்குள் நுழைந்தால் அங்கே கொன்றுவிடுவார்கள், இங்கே கூட்டம் அநாதையாகும். பலகைக்குப் பலகை வண்ணம் வேறுபட்டால் ஈக்கு அடையாளம் கிடைக்கும், சொந்தக்காரருக்கும் எந்தப் பெட்டி எதுவென்று தெரியும்.

இந்தப் பலகைகளில் பெரும்பாலானவற்றில் தேனீயே கிடையாது. தேனீ போய்வரும் வாசல் பலகையின் கீழ் விளிம்பில்தான் இருந்தது, அதாவது வெயில் காலத்தில் நாள் முழுக்க உயிருள்ள தேனீக்கள் அந்த நரியின் மேலும் வேட்டைக்காரனின் முகத்தின் மேலும் நடந்துகொண்டிருந்தன. அருங்காட்சியகச் சுவரில் தொங்கும்போது அந்தப் பாதி போய்விட்டது. அதை மனதில் சேர்த்துப் பாருங்கள்: மகரந்தம் சுமந்து வந்து தடுமாறி இறங்குவது, காவல் ஈ எதிரே வருவது, அந்த இரைச்சல். படம் நிரம்பிவிடும்.

ஸ்லோவேனியர்களின் அன்டோன் யான்ஷா 1734-இல் பிறந்தவர், வியன்னாவுக்கு ஓவியம் படிக்கப் போனவர், 1770-இல் அங்கேயே பேரரசி மரியா தெரேசா தொடங்கிய தேனீ வளர்ப்புப் பள்ளியில் ஆசிரியரானார். மே 20-ஐ உலகத் தேனீ தினமாகக் கொண்டாடுவது அவரை நினைத்துத்தான். தூரிகையும் தேனீக்குப் புகை போடும் புகைப்பானும் ஒரே கையில் இருந்திருக்கின்றன என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

நவீன கலைக்கு வந்தால் காதைத் திறந்து வையுங்கள். லண்டன் கியூ தோட்டத்தில் 2016 முதல் நிற்கும் வுல்ஃப்கேங் பட்ரஸ் என்ற கலைஞரின் பதினேழு மீட்டர் அலுமினியக் கூடு, அருகிலுள்ள நிஜப் பெட்டியின் அதிர்வைப் பொறுத்து ஒளிர்ந்து மங்கும். பெட்டியைத் திறக்காமலே இரைச்சலை வைத்து கூட்டத்தின் நிலையைச் சொல்லும் நமக்கு அது பழகிய மொழி.

கடைசியாக, உங்கள் பெட்டி ஒன்றில் வரைந்து பாருங்கள். பார்வை கூர்மையாக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. காலிப் பெட்டியில் வரையுங்கள், வெளிப்பக்கம் மட்டும், உள்ளே ஒரு துளியும் வேண்டாம். வாடை முழுக்கப் போகும்வரை, இரண்டு வாரமாவது, நிழலில் காற்றாட வைத்துவிட்டுப் பிறகுதான் கூட்டத்தைப் பிரித்து அதில் ஏற்ற வேண்டும். தேனீக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பு மாதிரித்தான் படும். நீலம், மஞ்சள், வெள்ளை நன்றாகத் தெரியும், அதனால் அடுத்தடுத்த பெட்டிகளுக்கு இவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். வாசலுக்கு மேலே பெரிய, எளிய உருவம் ஒன்று போதும், நுணுக்கமெல்லாம் உங்கள் சந்தோஷத்துக்கு.

கூட்டம் ஏறி நாலைந்து நாள் கழித்து, வெயில் இருக்கும் பிற்பகலில் போய்ப் பாருங்கள். முதல்முறை வெளியே வரும் இளம் ஈக்கள் பெட்டியின் முகப்பைப் பார்த்தபடியே மேலும் கீழும், இடமும் வலமும் ஆடி ஆடிப் பறந்து இடத்தை மனதில் பதித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பக்கவாட்டில் நில்லுங்கள். எதிரே நின்றால் படத்தை மறைத்துவிடுவீர்கள்.