வேலை செய்யும் இடத்தில் அடிபட்டால்: இழப்பீடு கைக்கு வர என்னென்ன செய்ய வேண்டும்

"எப்படி அடிபட்டது?" என்று மருத்துவமனையில் கேட்பார்களே, அதற்குச் சொல்லும் பதில்தான் இழப்பீட்டு வழக்கின் முதல் சாட்சி. பிரஸ் மெஷினில் கை மாட்டியவரைக் கூட்டி வரும் சூப்பர்வைசர் "வீட்டில் வழுக்கி விழுந்துவிட்டார்" என்று சொல்லிவிடுவார். அது அப்படியே விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். என்ட்ரியில், ஏறிவிடும். இரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டுவது அந்தத் தாளைத்தான். ஆகவே வலி எவ்வளவு இருந்தாலும் அடிபட்டவரோ வீட்டாரோ டாக்டரிடம் நேராகச் சொல்ல வேண்டியவை நான்கு: எந்த நிறுவனம், என்ன வேலை, எத்தனை மணிக்கு, எந்த மெஷின் அல்லது எந்த இடம். ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, பில் எதையும் கம்பெனி ஆளிடம் கொடுத்துவிடாதீர்கள். கேட்டால் நகல் கொடுங்கள்.

அடுத்து, நீங்கள் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று முடிவாக வேண்டும். இந்தியாவில் இரண்டு வழிகள். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம்) பிடித்தம் இருந்தால் வழி இ.எஸ்.ஐ. மட்டுமே, அதில் வருபவர் முதலாளியிடம் தனியாக ஊழியர் இழப்பீடு கேட்க முடியாது. பொதுவாக 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் அதில் வருவார்கள். இ.எஸ்.ஐ.யில் இல்லாதவர்களுக்கு, அதாவது கட்டட வேலை, சின்னப் பட்டறை, லாரி, கிணறு வெட்டுவது, மரம் ஏறுவது போன்ற வேலைகளில் இருக்கும் பெரும்பாலோருக்கு, 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதற்கு முந்தைய விபத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும். கணக்குப் போடும் முறை இரண்டிலும் ஒன்றுதான். படிவ எண்கள் மாறக்கூடும் என்பதால் அலுவலகத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

இ.எஸ்.ஐ.காரர்களுக்கு வேலை சுருக்கம். நிறுவனம் படிவம் 12-இல் விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். பெரிய அடி என்றால் உடனே, மற்றபடி 24 மணி நேரத்துக்குள். அனுப்பியதா என்று கிளை அலுவலகத்தில் உங்கள் காப்பீட்டு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அனுப்பவில்லை என்றால் நீங்களே விபத்து விவரத்தை எழுதிக் கொடுத்து, முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தினச் சம்பளத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர ஊனம் என்றால் மருத்துவக் குழு சதவீதம் போட்டு, அதன்படி ஆயுள் முழுக்க மாதாமாதம் வரும். சாதாரண நோய் விடுப்புக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு; வேலையில் பட்ட அடிக்கு அது கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. கவனிக்க வேண்டியது சான்றிதழைத்தான். அது வேலை விபத்துக்கான சான்றாக இல்லாமல் சாதாரண நோய்ச் சான்றாகப் பதிவானால் பணம் குறைந்துவிடும்.

இனி இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் வழி. சிக்கல் எல்லாம் இங்கேதான்.

முதலில் நோட்டீஸ். அடிபட்டவர் பெயர், முகவரி, விபத்து நடந்த நாள், நேரம், இடம், காரணம், என்ன காயம் என்று எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதி, முதலாளிக்குப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் அனுப்புங்கள். மேஸ்திரி வழியாக வேலைக்குப் போனவர்கள் மேஸ்திரிக்கும், அந்த வேலையை அவருக்குக் கொடுத்த நிறுவனத்துக்கும் இரண்டு பிரதி அனுப்ப வேண்டும். நிறுவனம் தன் தொழிலின் ஒரு பகுதியாக ஒப்பந்ததாரரிடம் விட்ட வேலையில் அடிபட்டால், அந்த நிறுவனத்திடமே இழப்பீடு கேட்கலாம். "அவர் எங்கள் ஆள் இல்லை, கான்ட்ராக்ட் ஆள்" என்ற பதில் அங்கே செல்லாது. தினக்கூலி, தற்காலிகம் என்பதும் காரணமாகாது.

வேலை செய்ததற்கும் சம்பளத்துக்கும் சான்று சேர்க்க வேண்டும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருக்காது, பரவாயில்லை. வங்கிக் கணக்கில் வந்த பணம், கூகுள் பே பதிவு, "நாளைக்கு எட்டு மணிக்கு சைட்டுக்கு வா" என்ற வாட்ஸ்அப் செய்தி, கேட் பாஸ், யூனிஃபார்ம், கூட வேலை செய்த இரண்டு பேரின் பெயரும் எண்ணும் போதும். முடிந்தால் விபத்து நடந்த அன்றே மெஷினைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மறுநாள் அதில் புதுப் பாதுகாப்பு மூடி ஏறியிருக்கும்.

பணம் எவ்வளவு? நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். இறப்புக்கு 50 சதவீதம். காரணி 25 வயதுக்கு 216.91, 30-க்கு 207.98, 40-க்கு 184.17, 50-க்கு 153.09. 2020 ஜனவரி அறிவிப்பின்படி, சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்கில் 15,000 ரூபாய்க்கு மேல் எடுப்பதில்லை. 18,000 வாங்கும் 30 வயது ஆபரேட்டருக்குக் கட்டைவிரல் முழுவதும் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். 15,000-இல் 60 சதவீதம் 9,000. அதை 207.98-ஆல் பெருக்கினால் 18,71,820. சட்டத்தில் உள்ள காய அட்டவணைப்படி கட்டைவிரலுக்கு 30 சதவீதம் என்பதால், 5,61,546 ரூபாய். ஆள்காட்டி விரல் முழுவதும் என்றால் 14 சதவீதம், ஒரு கண் பார்வை போனால் 30, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. ஒரே விபத்தில் பல காயங்கள் என்றால் சதவீதங்களைக் கூட்டலாம், 100-ஐத் தாண்டாமல்.

"ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நாங்கள்தான் கட்டினோம், இன்னும் என்ன?" என்பார்கள். மருத்துவச் செலவு தனி, இழப்பீடு தனி. அந்தச் செலவைத் தருவதும் முதலாளியின் கடமையே. இழப்பீட்டில் அதைக் கழிக்க முடியாது. குணமாகக்கூடிய காயத்துக்கும் பணம் உண்டு: வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை, மாதச் சம்பளத்தில் 25 சதவீதம், அதிகபட்சம் ஐந்து வருடம். மூன்று நாளுக்குள் சரியாகிவிடும் காயத்துக்கு எதுவும் இல்லை.

அட்டவணையில் இல்லாத காயத்தில்தான், முதுகெலும்பு, நரம்பு, கூடாமல் போன எலும்பு போன்றவற்றில், தொழிலாளிகள் அதிகம் இழக்கிறார்கள். காரணம், ஊனச் சான்றில் இருக்கும் சதவீதத்தை அப்படியே வருமான இழப்பாக எடுத்துக்கொள்வது. இரண்டும் வேறு. இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த ஒரு தச்சரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அது முழு ஊனமே என்று உச்ச நீதிமன்றம் 1970-களிலேயே சொல்லிவிட்டது. எனவே டாக்டரிடம் உங்கள் வேலையை விவரித்துச் சொல்லுங்கள்: எத்தனை கிலோ தூக்குவது, எத்தனை மணி நேரம் நிற்பது, சாரம் ஏறுவது. இந்த வேலையை இனிச் செய்ய முடியுமா, வருமானத் திறனில் எத்தனை சதவீதம் போயிற்று என்பதைச் சான்றில் எழுதிக் கேளுங்கள்.

முதலாளி தரப்பு வழக்கமாகச் சொல்வது "அவனுடைய கவனக்குறைவு" என்று. வெறும் கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்காது. குடித்திருந்ததே விபத்துக்குக் காரணம், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார், பாதுகாப்புக் கருவியைத் தெரிந்தே கழற்றினார் என்ற மூன்றுதான் தடுக்கும். இறப்பு அல்லது நிரந்தர முழு ஊனம் என்றால் அவையும் தடுக்காது. முதலாளி தன் செலவில் மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் மட்டும் போய்விடுங்கள். காரணமில்லாமல் மறுத்தால் உரிமை நிறுத்திவைக்கப்படும்.

பிறகு வரும் அந்த வெள்ளைத்தாள். 20,000 ரூபாய் கையில் கொடுத்து, "இனி எந்தப் பாத்தியமும் இல்லை" என்று கையெழுத்துக் கேட்பார்கள். உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. சமரசம் பேசினாலும் அது இழப்பீட்டு ஆணையரிடம், அதாவது இந்த மனுக்களை விசாரிக்கும் அதிகாரியிடம், பதிவாக வேண்டும். தொகை போதாது என்று பட்டால் அவர் பதிய மறுக்கலாம். இறந்தவர் குடும்பத்துக்கான தொகையை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், மூன்று மாதச் சம்பளம் வரையான முன்பணம் தவிர, வீட்டில் கொடுத்தது இழப்பீடாகக் கணக்கில் வராது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? அதோடு முடிந்துவிட்டது என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

மனுவைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் போடக் கூடாது. அது வேலைநீக்கம் போன்ற தகராறுகளுக்கான இடம். தமிழ்நாட்டில் இழப்பீட்டு ஆணையராக இருப்பவர் தொழிலாளர் இணை ஆணையர் அல்லது துணை ஆணையர். விபத்து நடந்த ஊரிலும் போடலாம், நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். வெளியூரில் அடிபட்டு வீடு திரும்பியவர்களுக்கு இது பெரிய வசதி. கெடு இரண்டு ஆண்டு. தாண்டிவிட்டால் தக்க காரணம் எழுதி மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். முதலாளி காப்பீடு எடுத்திருந்தால் காப்பீட்டு நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். வேலை வண்டியில் என்றால் வண்டியின் பாலிசியைப் பாருங்கள். வாகன விபத்துக்கு மோட்டார் வாகனத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம், ஆனால் இரண்டில் ஒன்றுதான். வழக்கறிஞர் வைக்க முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இலவச உதவி உண்டு.

மனுவில் அசலை மட்டும் கேட்டு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இழப்பீடு கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தரவில்லை என்றால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், தாமதத்துக்கு நியாயம் இல்லை என்றால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். மேலே சொன்ன கட்டைவிரல் கணக்கில் வட்டி மட்டும் வருடத்துக்கு 67,000 ரூபாய்க்கு மேல். இரண்டையும் தனித்தனி வரியாக எழுதிக் கேளுங்கள்.

உத்தரவு வந்தும் பணம் கட்டவில்லை என்றால், நில வருவாய் பாக்கி போல வசூலித்துத் தரும்படி அதே ஆணையரிடம் இன்னொரு மனு போட வேண்டும். அது தானாக நடக்காது.