முடக்குவாதம் இருக்கும்போதே லூப்பஸ் டெஸ்ட் எழுதிக்கொடுத்தால்

மூட்டு வீங்கி வலிக்கிற முடக்குவாதத்தோடு (ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ்) குடும்பம் நடத்தி ஒன்பது வருடம் ஆகிறது. போன தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் படி ஏற முட்டி விடவில்லை, அதனால் கீழே பந்தலில் நின்று வருகிறவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் இருக்கும், உச்சி வெயில். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கன்னம் இரண்டும் கறுத்துத் தடித்திருக்கிறது. அந்த மாதமே முடியும் கொத்துக் கொத்தாகச் சீப்பில் வர ஆரம்பித்தது. பயத்தில் ஒரு தனியார் லேபில் போய் ‘பேக்கேஜ்’ எடுத்தேன். ஏஎன்ஏ பாசிட்டிவ் 1:160 என்று வந்தது, கவுண்டரில் இருந்த பெண் பேப்பரைப் பார்த்துவிட்டு “அக்கா, இது எஸ்எல்இ-லா” என்றாள். எஸ்எல்இ என்றால் லூப்பஸ், நம் எதிர்ப்புச் சக்தியே நம் உடம்பைத் தாக்குகிற வியாதி. அதற்கப்புறம் மூன்று ராத்திரி தூக்கமில்லை. அப்படி ஒரு பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ஏஎன்ஏவைப் பார்த்துவிடுவோம். நம் செல்லின் உட்கருவையே எதிரியாக நினைத்து உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்பொருள் அது. நம் இரத்தத்தின் தெளிந்த நீரை எடுத்து, தண்ணீர் கலக்கிற மாதிரி மேலும் மேலும் நீர்த்துப் பார்ப்பார்கள், எத்தனை மடங்கு நீர்த்த பின்னும் அந்த எதிர்ப்பொருள் செல்லின் உட்கருவில் போய் ஒட்டி ஒளிர்கிறதோ அதுதான் 1:80, 1:160, 1:640 என்கிற எண். வியாதியே இல்லாதவர்களைச் சோதித்தாலும் 1:80 அளவில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் பாசிட்டிவ் காட்டும், 1:160 அளவில் ஐந்து பேர் வரை. முடக்குவாதக்காரர்களில் இன்னும் அதிகம். ஆக நமக்கு ஏஎன்ஏ பாசிட்டிவ் வருவது பெரிய செய்தியே இல்லை. நெகட்டிவ் வந்தால்தான் செய்தி, லூப்பஸ் இருக்கிற வாய்ப்பு அதோடு வெகுவாகக் குறைந்துவிடும்.

2019இல் ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் சேர்ந்து லூப்பஸுக்கு ஒரு புள்ளிக் கணக்கு வெளியிட்டார்கள். ஏஎன்ஏ குறைந்தது 1:80 இருந்தால்தான் கணக்கையே தொடங்கலாம், அப்புறம் பத்துப் புள்ளி சேர வேண்டும். ஆராய்ச்சிக்காகப் போட்ட கணக்கு அது, ஆனால் இணையத்தில் பார்த்து நாமே கூட்டிப் பார்ப்போம், நானும் கூட்டினேன். மூட்டு வீக்கத்துக்கு ஆறு, முடி கொட்டினால் இரண்டு, வாய்ப்புண்ணுக்கு இரண்டு, வெள்ளை அணு குறைந்தால் மூன்று. எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே பத்தைத் தாண்டிவிட்டது! அதே கணக்கில் ஒரு விதி இருக்கிறது, அதைத்தான் யாரும் படிப்பதில்லை: ஒரு அறிகுறிக்கு லூப்பஸை விடப் பொருத்தமான வேறு காரணம் இருந்தால் அந்தப் புள்ளியைச் சேர்க்கக் கூடாது. நம் மூட்டுக்கு ஏற்கெனவே காரணம் இருக்கிறது. முடி, வாய்ப்புண், வெள்ளை அணு மூன்றுக்கும் முடக்குவாதத்துக்கு நாம் எடுக்கிற மெத்தோட்ரெக்சேட் மருந்து காரணமாக இருக்கலாம். எது எதனால் வந்தது என்று பிரிப்பதுதான் இந்தச் சோதனையில் பெரிய வேலை, அதை இரத்தம் மட்டும் செய்து தராது, நாம் கொண்டுபோகிற தகவல்தான் பாதி வேலையைச் செய்யும்.

சரி, என்ன கொண்டுபோவது?

படம். டாக்டரைப் பார்க்கும் நாளில் முகம் பளிச்சென்று இருக்கும், அது ஒரு சாபம். தடிப்பு வந்த அன்றே ஜன்னல் பக்கம் நின்று, பவுடர் இல்லாமல், ஃபிளாஷ் போடாமல் எடுங்கள். புத்தகத்தில் வரும் ‘சிவந்த வண்ணத்துப்பூச்சி’ நம் தோலில் அப்படித் தெரியாது, பழுப்பாகவோ கத்தரிப்பூ நிறத்திலோ கறுத்தோதான் தெரியும். மூக்குக்கும் உதட்டு ஓரத்துக்கும் நடுவே ஓடுகிற மடிப்பைக் கவனியுங்கள், லூப்பஸ் தடிப்பு பெரும்பாலும் அந்த மடிப்பை விட்டுவிட்டுப் போகும். விரல்களையும் பாருங்கள். நான் வேலை செய்கிற தொழிற்சாலையில் ஏர்கான் எலும்பு வரை குளிரும், அங்கே விரல் நுனி வெளுத்து, நீலமாகி, அப்புறம் சூடேறித் திரும்பும், அதை ஒரு தோழிதான் படம் எடுத்துத் தந்தாள். வாய்க்குள் டார்ச் அடித்து மேலண்ணத்தையும் பாருங்கள்: லூப்பஸ் புண் பெரும்பாலும் வலிக்காமலேயே அங்கே இருக்கும், மெத்தோட்ரெக்சேட் புண் மிளகாய் பட்டால் உயிர் போகும்.

மருந்து. பெயர் எழுதிக் கொண்டுபோவதை விட மாத்திரைப் பட்டைகளையே ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், எதை எந்த மாதம் தொடங்கினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், முடக்குவாதத்துக்குக் கொடுக்கிற மருந்தே லூப்பஸ் மாதிரி ஒன்றைக் கிளப்பிவிடும். அடாலிமுமாப், இன்ஃபிளிக்சிமாப், எட்டனர்செப்ட் மாதிரி, மூட்டு வீக்கத்தை அடக்குகிற டிஎன்எஃப் ஊசி போடுகிற பலருக்கு ஏஎன்ஏ புதிதாகப் பாசிட்டிவ் ஆகும், அதில் சிலருக்குத்தான் நிஜமாகவே லூப்பஸ் அறிகுறி வரும், மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். சல்ஃபாசலசினும், காசநோய்க்குத் தருகிற ஐசோநயசிட்டும் இந்தப் பட்டியலில் உண்டு. ஊசி ஆரம்பிப்பதற்கு முன் எடுத்த பழைய ஏஎன்ஏ ரிசல்ட் வீட்டில் எங்காவது கிடந்தால் அது தங்கம், தேடி எடுங்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தை) மூட்டுவலிக்கு என்று வாங்கிச் சாப்பிட்ட ஜாமு என்கிற மூலிகை மருந்தையும் மறைக்காதீர்கள். அந்த மாதிரி மாத்திரைகளில் சொல்லாமல் ஸ்டீராய்ட் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது, அது உள்ளே இருந்தால் அறிகுறியெல்லாம் அமுங்கிப் போய் ரிசல்ட்டைப் படிப்பதே கஷ்டம். டெஸ்ட்டுக்காக என்று நீங்களாகவே எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள், முக்கியமாக ப்ரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்ட் மாத்திரையை. முடிக்காகப் பயோட்டின் வைட்டமின் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், சில லேப் சோதனைகளை அது குழப்பும்.

இரத்தம் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாறு குழாய் எடுப்பார்கள். இந்தச் சோதனைகளுக்கு வெறும் வயிறு வேண்டாம், கூடவே சர்க்கரை, கொழுப்பு எழுதியிருந்தால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் நன்றாகக் குடித்துவிட்டுப் போங்கள், நரம்பு கிடைக்கும்.

சிறுநீர்தான் எனக்கு முக்கியம். ஏஎன்ஏவுக்குப் பயந்து மூன்று ராத்திரி தூங்காத நான் இதை யோசிக்கவே இல்லை. லூப்பஸ் சத்தமில்லாமல் கெடுப்பது சிறுநீரகத்தை, வலி ஒன்றும் இருக்காது, சிறுநீரில் புரதமும் இரத்தமும் மட்டும் காட்டிக்கொடுக்கும். அதனால் டாக்டர் எழுதிய தாளில் சிறுநீர்ச் சோதனை இல்லையென்றால் “டாக்டர், புரோட்டீன் பார்க்க வேண்டாமா?” என்று நீங்களே கேளுங்கள். மாதவிலக்கு நாளில் கொடுக்காதீர்கள், இரத்தம் கலந்து வீண் பயம் வரும். முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். நம் விரலுக்கு அந்தச் சின்னப் பாட்டிலின் மூடி திறக்காது பாருங்கள், நான் கழிப்பறைக்குள் பல்லால் கடித்துத் திறக்கப் பார்த்துத் தரையில் போட்டுவிட்டேன். வாங்கும்போதே மிஸ்ஸியிடம் (நர்ஸ்) “மூடியைக் கொஞ்சம் லூசாக்கிக் கொடுங்கள், கை பிடிக்காது” என்று சொன்னால் போதும், தருவார்கள். 24 மணி நேரச் சிறுநீர் கேட்டால், காலையில் எழுந்ததும் போகிறதைக் கொட்டிவிட்டு நேரத்தைக் குறித்து வையுங்கள், அதற்குப் பிறகு வருவதெல்லாம் கேனுக்குள், மறுநாள் அதே நேரத்தில் போவதும் சேர்த்து. அதில் அரை கிராமுக்கு மேல் புரதம் இருந்தால் டாக்டர் விடமாட்டார், சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கலாமா என்று பேசுவார்.

ரிசல்ட் வந்ததும் ஏஎன்ஏவைத் தாண்டிக் கீழே போங்கள். ஆன்டி டிஎஸ்-டிஎன்ஏ, ஆன்டி ஸ்மித் என்கிற இரண்டு எதிர்ப்பொருளும் லூப்பஸுக்கு நெருங்கிய சொந்தம், இதில் ஒன்று உறுதியாகப் பாசிட்டிவ் வந்தால் பேச்சு வேறு. ஆனால் டிஎன்எஃப் ஊசி போடுகிறவர்களுக்கு டிஎஸ்-டிஎன்ஏவும் கொஞ்சம் ஏறலாம். சி3, சி4 என்பவை இரத்தத்தில் இருக்கிற எதிர்ப்புச் சக்திப் புரதங்கள், லூப்பஸ் கொதிக்கும்போது செலவாகிக் குறையும், வெறும் முடக்குவாதத்தில் அவை சரியாகவோ கூடுதலாகவோதான் இருக்கும். இஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் உடம்பின் அழற்சியைக் காட்டுகிற எண்கள். இஎஸ்ஆர் ஏறி சிஆர்பி ஏறாமல் இருந்தால் லூப்பஸ் பக்கம் கொஞ்சம் சாயும், இரண்டும் சேர்ந்து ஏறினால் நம் பழைய வியாதி, இல்லாவிட்டால் எங்கோ கிருமி. ருமட்டாய்ட் ஃபேக்டர் என்கிற எதிர்ப்பொருளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, லூப்பஸ்காரர் பலருக்கும் அது இருக்கும். ஆன்டி சிசிபி என்கிற எதிர்ப்பொருளும், எக்ஸ்ரேயில் எலும்பு அரித்திருப்பதும்தான் முடக்குவாதத்தின் கையெழுத்து. லூப்பஸில் விரல் கோணினாலும் அழுத்தினால் பெரும்பாலும் நேராகும், எலும்பு அரிப்பு இருக்காது. இரண்டு கையெழுத்தும் ஒரே ஆளிடம் இருப்பதும் உண்டு, அதற்கு ‘ரூபஸ்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இரத்தத்தை உறைய வைக்கக்கூடிய ஆன்டிபாஸ்ஃபோலிப்பிட் எதிர்ப்பொருள் பாசிட்டிவ் வந்தால் ஒருமுறையோடு விடாதீர்கள், 12 வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும், கர்ப்பத்துக்கு யோசிக்கிற தங்கைகள் இதைக் கண்டிப்பாகக் கேளுங்கள்.

எங்கே போவது என்றால், ஏற்கெனவே பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டுவாத கார்டு இருக்கிறவர்கள் தனியாரில் காசைக் கொட்ட வேண்டாம், அப்பாய்ன்மென்ட்டை முன்னுக்குக் கொண்டுவரக் கேளுங்கள். மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்க ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் 5 வெள்ளிதான் (ரிங்கிட்). கார்டு இல்லையென்றால் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க சுகாதார கிளினிக்) 1 வெள்ளி கட்டி சூராட் ருஜுக்கான், அதாவது ஸ்பெஷலிஸ்ட்டுக்கான பரிந்துரைக் கடிதம், வாங்குங்கள். ஆனால் மூச்சு இழுத்தால் நெஞ்சு குத்துகிறது, கால் வீங்கிச் சிறுநீர் நுரைக்கிறது, வலிப்பு, மெத்தோட்ரெக்சேட் எடுக்கும்போது காய்ச்சல் என்றால் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், கெச்செமாசானுக்கு (அவசரப் பிரிவு) போங்கள், முடியாவிட்டால் 999.

என் கதை இன்னும் முடியவில்லை. டிஎஸ்-டிஎன்ஏ நெகட்டிவ், சி3 சி4 சரி, சிறுநீர் சுத்தம். முடி கொட்டியது மெத்தோட்ரெக்சேட் வேலை என்று ஃபோலிக் ஆசிட்டைக் கூட்டினார்கள், கொஞ்சம் குறைந்திருக்கிறது. கன்னத்துத் தடிப்புக்கு மட்டும் “இப்போதைக்குப் பெயர் வைக்க வேண்டாம்மா, வெயிலுக்குத் தொப்பியும் சன்ஸ்க்ரீனும் போடு, ஆறு மாதத்தில் திரும்பப் பார்ப்போம்” என்றார் டாக்டர். ஹைட்ராக்சிகுளோரோகுயின் இரண்டு வியாதிக்கும் தருவதுதான் என்று அதைச் சேர்த்தார், அந்த மருந்து கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் கண்ணை ஒருமுறை காட்டிவிட்டு வரச் சொன்னார். கண் கிளினிக் அடுத்த வியாழக்கிழமை, கண்ணில் சொட்டு விடுவார்களாம், அதனால் மோட்டார் சைக்கிள் வேண்டாம் என்று தம்பியைக் கொண்டுபோய் விடச் சொல்லியிருக்கிறேன்.