பழைய பில்லிங் மென்பொருளை மாற்றப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சிங்கப்பூர் தேக்கா பக்கத்தில் ஒரு மளிகை மொத்த வியாபாரம். புது மென்பொருளுக்கு மாறிய முதல் வாரம். பொன்னி அரிசி 50 பாக்கெட் வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்கிறார். திரையில் இருப்பு 40. "ஸ்டாக் இல்லை" என்று பில் போடும் தங்கச்சி சொல்லிவிட்டார். கிடங்கில் போய்ப் பார்த்தால் 40 மூட்டை அடுக்கியிருக்கிறது. பழைய மென்பொருளில் 1 என்றால் 25 கிலோ மூட்டை, புதியதில் 1 என்றால் 5 கிலோ பாக்கெட். ஒரு மூட்டைக்கு ஐந்து பாக்கெட் என்ற கணக்கு கிடங்கு அண்ணன் மனதில்தான் இருந்தது. அவரை யாரும் கேட்கவே இல்லை.

நான் பார்த்தவரை பெரிய தவறு இதுதான். முதலாளியும் மென்பொருள் விற்பவரும் மட்டும் பேசி முடித்துவிடுகிறார்கள். பில் போடுபவர் பக்கத்தில் ஒரு முழு நாள் உட்காருங்கள். மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டுகளைப் படியுங்கள். பழைய மென்பொருள் செய்யாத வேலை அத்தனையும் அந்தச் சீட்டுகளில் இருக்கும்.

அடுத்தது, பழைய தரவை அப்படியே அள்ளிக் கொட்டுவது. ஒரே வாடிக்கையாளர் மூன்று பெயரில் இருப்பார், பாக்கியும் மூன்றாகப் பிரிந்து கிடக்கும். நிறுவனத்தின் யுஇஎன் எண்ணை (அரசு தரும் பதிவு எண்) வைத்து முதலில் ஒன்றாக்குங்கள். ஜிஎஸ்டியிலும் கவனம் வேண்டும். 2022 முடியும்வரை 7 விழுக்காடு, 2023-ல் 8, 2024 முதல் 9. இப்போதைய விகிதத்தை மட்டும் ஏற்றிவிட்டால், 2023 பில்லைத் திரும்ப எடுக்கும்போது அதிலும் 9 என்று வந்து நிற்கும். மாறுவதற்கு முன் ஒவ்வொரு விகிதத்திலும் ஒரு பழைய பில்லை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் மாறவே மாறாதீர்கள். ஜிஎஸ்டி காலாண்டின் நடுவிலும் வேண்டாம். பாதிக் கணக்கு ஒரு பக்கம், பாதி இன்னொரு பக்கம் என்றாகிவிடும். காலாண்டின் முதல் நாள் சரியாக இருக்கும். அப்புறம் ஒரு மாதமாவது இரண்டிலும் பில் போட்டு, மாதக் கடைசியில் இரண்டு மொத்தத்தையும் ஒப்பிடுங்கள். ஊழியர்களுக்கு இது இரட்டை வேலை, ஓவர்டைம் கொடுத்தாவது செய்யுங்கள்.

மென்பொருள் வாங்க அரசு தரும் உற்பத்தித்திறன் தீர்வு மானியத்தை (பிஎஸ்ஜி) வாங்க நினைப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன் கையெழுத்தும் போடக் கூடாது, முன்பணமும் கட்டக் கூடாது. இதில் அவசரப்பட்டு மானியத்தையே இழந்தவர்கள் உண்டு. இன்வாய்ஸ்நவ் என்ற மின் விலைப்பட்டியல் கட்டமைப்போடு மென்பொருள் இணையுமா என்பதையும் கேளுங்கள். 2026 ஏப்ரல் முதல், புதிதாகத் தாமாக ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்பவர்களுக்கு அது கட்டாயம்.

கடைசியாகப் பழைய கணினி. மாறிய மறுநாளே அதைத் தூக்கிப் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. வரிக் கணக்குப் பதிவேடுகளைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எல்லா பில்லையும் பிடிஎஃப் ஆக எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்தால் சரி, அதன் பிறகு பழையதை அணைக்கலாம்.