லைன் மேல பழி போடாதீங்க: யூனிக்ஸ் டயல்-இன் மோடத்துல வழக்கமா நடக்கிற தப்புங்க

தென்னாப்பிரிக்கா டர்பன்ல டிசம்பர், ஜனவரின்னா சாயங்காலம் இடி இடிக்கும், அடுத்த அரை மணி நேரத்துல எனக்கு போன் வரும். "தம்பி, லைன் போச்சு." வெருலம் பக்கம் ஒரு கிடங்கு, அதுல ஒரு பழைய யூனிக்ஸ் பெட்டி (கம்ப்யூட்டர்தான்), நான் வீட்ல இருந்து போன் லைன்ல டயல் பண்ணி அந்தப் பெட்டிக்குள்ள போறதுக்கு பக்கத்துல ஒரு வெளி மோடம், போன் பண்றவரு அந்தக் கிடங்கைப் பார்த்துக்கிற மாமா. அவருக்கு எது நடந்தாலும் லைன்தான் போச்சு.

இந்தக் காலத்துல இன்னும் மோடமான்னு சிரிக்காதீங்க. லோட்ஷெடிங் (முறை வெச்சு கரண்டை நிறுத்தறது) நீண்டுச்சுன்னா டவர் பேட்டரி தீர்ந்து மொபைல் சிக்னல் போயிடும், செம்புக் கம்பி லைனுக்கு 48 வோல்ட் எக்ஸ்சேஞ்சுல இருந்தே வரும், அங்க பேட்டரி தாங்குற வரைக்கும் (கம்பியை எவனும் அறுத்துட்டுப் போகாத வரைக்கும்னும் சேர்த்துக்கோங்க) லைன் உயிரோட இருக்கும். பெட்டிக்கும் மோடத்துக்கும் ஒரு யூபிஎஸ் இருந்தா வீட்ல இருந்தே உள்ள போயிடலாம்.

சரி, முதல் தப்பு மாமா பண்றதுதான். எடுத்தவுடனே லைன் மேல பழி. ஒரு சாதா போனை அதே சாக்கெட்ல மாட்டி டயல் டோன் வருதான்னு காதுல கேளுங்க, அப்புறம் மோடத்தை மாட்டிட்டு வெளிய இருந்து அந்த நம்பருக்கு அடிங்க. ரிங் போகுதா, மோடம் எடுக்குதா, கீச்சுன்னு கத்துதா? கத்திட்டு கனெக்ட் ஆகி, லாகின் வரலைன்னா லைன் நல்லாத்தான் இருக்கு, கோளாறு உங்க பெட்டிக்குள்ள. இடி விழுந்த கேஸ்ல மட்டும் ஒரு ஏமாத்து இருக்கு: மோடத்துக்கு ஏடின்னு (AT, மோடம் கட்டளைக்கெல்லாம் இதுதான் தொடக்கம்) அனுப்பினா ஓகேன்னு பதில் வரும், நாமளும் உயிரோட இருக்குன்னு நினைச்சுடுவோம், ஆனா அந்த ஓகே உள்ள இருக்கற சிப்பு சொல்றது, லைன் பக்கத்து பாகம் கருகிப் போனது அதுக்குத் தெரியாது. ஏடிடிடி போட்டு வெளிய ஒரு நம்பருக்கு அடிச்சுப் பார்த்தாத்தான் டயல் டோனே இல்லைன்னு ஒத்துக்கும். இடி சத்தம் கேட்டதும் பவர் பிளக்கை மட்டும் பிடுங்கிட்டு போன் கம்பியை விட்டுடறாங்க, அதுவும் தப்புல சேர்த்தி.

இனி நிஜமான விஷயத்துக்கு வரேன். யூனிக்ஸ்ல போர்ட்டைக் காவல் காக்கிற புரோக்ராம் பேரு கெட்டி. பேருதான் கெட்டி, ஆளு சுத்த அப்பாவி. ஆள் வந்தாச்சு, ஆள் போயாச்சு, இந்த ரெண்டும் அதுக்கு டிசிடின்னு ஒரே ஒரு கம்பி வழியாத்தான் தெரியும். திருப்பி கெட்டி மோடத்துக்கு "போனை வை"ன்னு சொல்றதுக்கு டிடிஆர்னு இன்னொரு கம்பி. இந்த ரெண்டு கம்பியும் பொய் சொல்லாம இருந்தா டயல்-இன் தானா ஓடும், நான் பார்த்த கோளாறுல முக்கால்வாசி இந்த ரெண்டுல ஒண்ணு பொய் சொன்னதுதான்.

மோடத்துல ஏடி&சி0 இருந்தா டிசிடி எப்பவும் ஆன்லயே நிக்கும். யாருமே கூப்பிடல, ஆனா ஆள் வந்தாச்சுன்னு கெட்டி நம்பி லாகின்னு எழுதி அனுப்பும், எக்கோ ஆன்ல இருக்கற மோடம் அதையே திருப்பி அனுப்பும், கெட்டி அதை யாரோ டைப் பண்ண பேருன்னு எடுத்துக்கிட்டு பாஸ்வேர்டு கேக்கும், மோடம் அதையும் திருப்பும், இப்படியே ரெண்டும் ராத்திரி பூரா பேசிக்கிட்டே இருக்கும், காலைல லாக்ல ஆயிரக்கணக்குல தப்பான லாகின். யாரோ ஹேக் பண்றாங்கன்னு ஒரு தடவ நானே பயந்திருக்கேன். லினக்ஸ்னா ஒரு கட்டத்துல, கெட்டியைத் திரும்பத் திரும்ப எழுப்பி விடற இனிட்ங்கற புரோக்ராம் வெறுத்துப் போய் 5 நிமிஷத்துக்கு அந்த போர்ட்டையே மூடிடும், அந்த நேரம் பார்த்து நீங்க கூப்பிட்டா மணி அடிக்கும், எடுக்க ஆள் இருக்காது.

சாதா கெட்டின்னா &சி1, &டி2 (இந்த ரெண்டும் டிசிடி, டிடிஆர் பொய் சொல்லாம இருக்க), எக்கோவை நிறுத்த ஈ0, ரிசல்ட் கோடை (ஓகே, ரிங் மாதிரி மோடம் சொல்ற பதில்களை) நிறுத்த க்யூ1, மோடமே போனை எடுக்க எஸ்0=1. இதை அப்படியே காப்பி அடிச்சு எம்கெட்டிங்கற இன்னொரு வகை கெட்டிக்குப் போடறது அடுத்த தப்பு. எம்கெட்டி கொஞ்சம் விவரமானது, ரிங்னு மோடம் சொல்றதைக் கேட்டு தானே ஏடிஏ அனுப்பி எடுக்கும், அதுக்கு க்யூ0, எஸ்0=0 வேணும். க்யூ1 போட்டு மோடம் வாயைக் கட்டிட்டு, ரிங்கே வரலைன்னு புலம்பினா எப்படி?

டிடிஆர் கதை இன்னும் மோசம். &டி0 போட்டா கெட்டி டிடிஆரை இறக்கினாலும் மோடம் கண்டுக்காது, நீங்க லாக்அவுட் பண்ணிட்டுப் போன பிறகும் போனை வைக்காம உக்காந்திருக்கும், அடுத்து கூப்பிடறவங்களுக்கு எங்கேஜ்ட் டோன்தான். அதோட டிசிடியும் பொய் சொன்னா ஆபத்தே வேற. லைன் பாதியில அறுந்தா ஷெல்லுக்கு (லாகின் ஆனதும் நீங்க கட்டளை டைப் பண்ற புரோக்ராமுக்கு) ஹேங்அப் சிக்னல் போய் அது சாகணும், டிசிடி விழலைன்னா சிக்னல் போகாது, ஷெல் அப்படியே திறந்து கிடக்கும். ஒரு தடவ நான் கூப்பிட்டு கனெக்ட் ஆனதும் எண்டரைத் தட்டினேன், லாகினும் கேக்கல பாஸ்வேர்டும் கேக்கல, நேரா ரூட்டோட (எல்லா அதிகாரமும் உள்ள யூசரோட) # குறி வந்து நிக்குது. முந்தின நாள் எவரோ பாதி வேலையில லைன் கட் ஆகி விட்டுட்டுப் போன ஷெல். அன்னிக்கு நான் கூப்பிட்டதால சரி, ராங் நம்பர்ல ஒரு மோடம் வந்திருந்தா?

செட்டிங் எல்லாம் சரியா இருந்தும் இப்படி நடந்தா கேபிளைப் பாருங்க. வீட்லயே 2, 3, 5னு மூணு கம்பியை மட்டும் சால்டர் பண்ணின கேபிள்ல எழுத்து வரும் போகும், டிசிடியும் டிடிஆரும் இருக்காது. ஒன்பது பின் பக்கம் அதுங்க 1, 4. இருபத்தஞ்சு பின் பக்கம் 8, 20. இன்னும் சிலர் கெட்டிக்காரத்தனமா டிடிஆரையும் டிசிடியையும் கனெக்டருக்குள்ளயே முடிச்சு போட்டுடுவாங்க, அது &சி0வை கம்பியாலயே செஞ்ச மாதிரி. மோடத்துக்கு நேர் கேபிள்தான், நல் மோடம் (null modem) கேபிளை, அதாவது கம்பிங்களை மாத்திப் போட்ட கேபிளை மாட்டிட்டு ஒண்ணுமே வரலைன்னு ஒரு நாள் முழுக்க உக்காந்தவங்களும் உண்டு.

போர்ட் பேர்லயும் வழுக்கும். எஸ்சிஓ கம்பெனியோட யூனிக்ஸ்ல டிடிஒய்1ங்கற போர்ட் பேர் பக்கத்துல சின்ன ஏ போட்டா மோடம் கன்ட்ரோல் கிடையாது, பெரிய ஏ போட்டாத்தான் உண்டு, ஒரு எழுத்துல பொழப்பு போயிடும். லினக்ஸ்ல மோடம்னு ஒரு சிம்லிங்க் (போர்ட்டுக்கு மாத்துப் பேரு) வெச்சு, டயல் பண்ற புரோக்ராமான மினிகாமை அது வழியா ஓட்டினா லாக் பைல் (போர்ட்டை ஒருத்தர் பிடிச்சிருக்காருன்னு பூட்டு மாதிரி வைக்கிற பைல்) மோடம்ங்கற பேர்ல விழும், எம்கெட்டி தேடறது டிடிஒய்எஸ்0 பேர்ல, ரெண்டும் ஒரே போர்ட்டை இழுத்துக்கிட்டு நிக்கும். எல்லாத்துலயும் ஒரே பேரைப் போடுங்க.

வேகத்துக்கு அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. ரெண்டு பக்கமும் சாதா போன் லைன்னா 33.6கேக்கு மேல போகாது, 56கேங்கறது சர்வர் பக்கம் டிஜிட்டல் லைன் இருந்தாத்தான், அதுவும் இறங்கற திசையில மட்டும். பெட்டிக்கும் மோடத்துக்கும் நடுவுல வேகத்தை 57600ன்னு பூட்டி, ஆர்டிஎஸ் சிடிஎஸ் (நிறுத்து, அனுப்புன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்ற கம்பிங்க) போட்டுடுங்க. சீரியல் சிப்பு 16550ஏ தானான்னும் பாருங்க, பழைய 16450ல ஒரு பைட்டுக்குத்தான் இடம், இதுல 16 பைட். வயர்லெஸ் பெட்டி குடுத்து பின்னாடி போன் சாக்கெட் இருக்குன்னு காட்டினா அதுல மோடத்தை நம்பாதீங்க, அது பேச்சுக்காக சுருக்கின சத்தம். நல்ல வாய்ப் (VoIP, இன்டர்நெட் வழியா போற போன்) லைன்னா 9600க்கு இறக்கிப் பாருங்க, கேவலம் ஒண்ணுமில்ல, 1991 நவம்பர்ல கிரஹாம்ஸ்டவுன் ரோட்ஸ் யுனிவர்சிட்டில இருந்து அமெரிக்கா போர்ட்லண்டுல ரேண்டி புஷ்ங்கற இன்டர்நெட் இன்ஜினியர் வீட்டுக்குப் போன இந்த நாட்டோட முதல் இன்டர்நெட் லிங்க்கே 9600தான்.

ஸ்கிரீன்ல குப்பை எழுத்து வந்தாலும் உடனே இரைச்சல்னு சொல்லாதீங்க. லைன் இரைச்சல் ஒவ்வொரு தடவையும் வேற வேற குப்பையா வரும். ~ குறியும் } குறியும் கலந்து அதே குப்பை கொஞ்ச செகண்டுக்கு ஒரு தடவ திரும்பத் திரும்ப வந்தா அது பிபிபி (டயல் பண்ணி இன்டர்நெட் இணைக்கிற பேச்சுமுறை), அந்தப் பக்கம் ஒழுங்காத்தான் பேசுது, நீங்கதான் டெர்மினல்ல உக்காந்திருக்கீங்க.

கடைசியா, செட்டிங் எல்லாம் போட்டு &டபிள்யூ போட மறக்கறது. சேமிக்கலைன்னா கரண்ட் போய் வந்ததும் எல்லாம் பழையபடி, லோட்ஷெடிங் ஊர்ல இதைச் சொல்லவே வேண்டாம். போன தடவ மாமா கூப்பிட்டப்ப நான் லைனைப் பத்தியே கேக்கல, டிசிடியைக் காட்டற சிடி லைட்டைத்தான் கேட்டேன்.

"மாமா, மோடத்துல சிடின்னு ஒரு லைட் இருக்கே, எரியுதா?"

"எரியுது தம்பி."

"இப்ப யாராவது டயல் பண்ணி உள்ள இருக்காங்களா?"

"யாருமில்ல, நான் மட்டும்தான் டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன்."

அந்த மோடத்தோட பேக்டரி செட்டிங் &சி0. யூபிஎஸ் பிளக்கைப் பிடுங்கிட்டு மாமா டீ கெட்டிலை மாட்டியிருந்தாரு.